கலை, பண்பாட்டு ஒலிபரப்புத் துறை: திருகோணமலைத் தாயார் ஒருவருக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

க.பொ.த. உயர்தரக் கலைப் பிரிவில் படிக்கும் உங்கள் மகள் வானொலியில் கலை, பண்பாட்டு நிகழ்ச்சிகளைத் தயாரித்து வழங்க விரும்புவதாகவும், நல்ல குரல் இருந்தாலே வேலை கிடைத்துவிடும் என்று அவர் நம்புவது உங்களுக்குக் கலக்கம் தருவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கலக்கத்தில் நியாயம் உண்டு. குரல் தேர்வில் ல, ள, ழ வேறுபாட்டையும் மூச்சு வாங்காமல் வாசிக்கும் பழக்கத்தையும் கவனிப்பார்கள் என்றாலும், அவை பயிற்சியால் திருந்தக்கூடியவை, ஆனால் நாதஸ்வர வித்துவான் ஒருவரிடம் "உங்களுக்குப் பிடித்த இராகம் எது?" என்பதற்கு அப்பால் கேட்கத் தெரியாதவரை எந்தக் குரலும் காப்பாற்றாது.

ஆகவே மகள் முதலில் ஏதாவது ஒரு கலையை ஆழமாகக் கற்கட்டும். இலங்கை வானொலியில் நாடகத் தயாரிப்பாளராக விளங்கிய சானா சண்முகநாதன் எழுத்தாளராகவும் ஓவியராகவும் இருந்தவர் என்பதை அவருக்குச் சொல்லுங்கள்.

ஒரு பயிற்சியும் தருகிறேன். 1895 இல் வெளிவந்த மோகனாங்கி என்ற வரலாற்று நாவலை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை நம்மூர்க்காரர். அவரைப் பற்றி எதுவுமே அறியாத ஒருவருக்கு மூன்று நிமிடத்தில் அவரை அறிமுகப்படுத்தும் பிரதியொன்றை மகள் எழுதி, கைப்பேசியில் பதிவுசெய்து, மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும். தாளில் அழகாகத் தோன்றிய நீண்ட வாக்கியம் காதில் விழும்போது எழுவாயைத் தேட வைப்பதை யாரும் சொல்லாமலே உணர்வார். (இந்தக் கடிதத்தின் வாக்கியங்களும் வானொலிக்கு உதவமாட்டா.)

படிப்பைப் பொறுத்தவரை, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில், கோணேசபுரியிலேயே, தொடர்பாடல் கற்கையில் பட்டப்படிப்பு உள்ளது. இசை அல்லது நடனத்தில் மகளுக்கு ஏற்கெனவே அடித்தளம் இருந்தால் மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தையே நான் முதலில் சொல்வேன். அங்கு உயர்தரப் பெறுபேற்றுடன் செயன்முறைத் தேர்வும் உண்டு என்பதால் ஆயத்தத்தை இப்போதே தொடங்க வேண்டும்.

வருமானத்தைப் பற்றி மறைக்க விரும்பவில்லை. கலை நிகழ்ச்சிகளுக்கு விளம்பரம் குறைவாகவே கிடைக்கும். ஆதலால் நிரந்தரப் பதவிகள் சில, பெரும்பாலும் அவையும் கொழும்பில். பலர் நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்ற கொடுப்பனவில்தான் தொடங்குகிறார்கள். ஆசிரியப் பணியோ மொழிபெயர்ப்போ கைவசம் இருந்தால், அந்தத் தொடக்க ஆண்டுகளில் வீட்டாரின் முகத்தைப் பார்க்க வேண்டியிராது. இதைத் தோல்விக்கான ஏற்பாடாக மகள் எண்ணாதபடி சொல்வது உங்கள் பொறுப்பு. தடுப்பதற்காகச் சொன்னால் கேட்கமாட்டார்.

அடுத்த முறை அவரையும் அழைத்து வாருங்கள். சான்றிதழ்க் கோப்பு வேண்டாம். அந்த மூன்று நிமிடப் பதிவைக் கொண்டுவந்தால் போதும்.