ஏற்காடு மலை ஏறினால் இரண்டாம் பாதியில் தெம்பு நிற்குமா?

கேள்வி: என் மகள் கல்லூரி ஹேண்ட்பால் அணியில் லெஃப்ட் பேக். 40-வது நிமிடத்துக்கு மேல் கால் கனத்துவிடுகிறது, எறிதலில் வேகமே இல்லை. ஞாயிறுதோறும் ஏற்காடு மலைப்பாதையில் ஓடினால் ஸ்டாமினா கூடும் என்கிறார்கள். அனுப்பலாமா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: வேண்டாம். உயரத்தால் ரத்தத்தில் சிவப்பணு அதிகரிக்க, 2,000 மீட்டருக்கு மேல் மூன்று வாரமாவது தங்க வேண்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். காலையில் போய் மதியம் இறங்கினால் எதுவும் அதிகரிக்காது. இறக்கத்தில் ஓடும்போது தொடைத்தசை அடிக்கு அடி பிரேக் பிடிக்கும். அந்த வலி செவ்வாய் வரை விடாது.

ஹேண்ட்பாலில் முழு 60 நிமிடம் ஆடுபவரே ஏறத்தாழ 4 கிலோமீட்டர்தான் ஓடுகிறார். ஆளைச் சாய்ப்பது வேறு: கோலிலிருந்து 9 மீட்டர் கோட்டுக்குப் பாய்ந்து மறித்து 6 மீட்டருக்குப் பின்வாங்குவது, தோளால் மோதுவது, சட்டென நிற்பது, தாவி எறிந்த கையோடு தடுக்கத் திரும்பி ஓடுவது.

ஒரு சோதனை செய்யுங்கள். கோல் கோட்டிலிருந்து நடுக்கோடு 20 மீட்டர். போய்த் திரும்பி முழு வேகத்தில் ஒரு ஓட்டம், 20 விநாடி ஓய்வு. இப்படி ஆறு முறை. முதல் ஓட்டம் 8.5 விநாடி, கடைசி 9.5-ஐத் தாண்டுகிறது என்றால் பலவீனம் அங்கேதான். இதையே வாரம் இருமுறை, இரண்டு செட், நடுவில் 4 நிமிட இடைவெளி விட்டுப் பயிற்சியாக்கலாம். ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு நாள் கூடாது.

அடுத்தது பி.டி. மாஸ்டரிடம் பேச வேண்டியது. ஹேண்ட்பாலில் ஆள் மாற்றக் கணக்கே இல்லை, நடுவரிடம் சொல்லவும் வேண்டாம். 15-வது நிமிடத்தில் மூன்று நிமிடம் உட்கார வைத்தாலே இரண்டாம் பாதி வேறாக இருக்கும். நல்ல ஆட்டக்காரியை வெளியே எடுக்க மனம் வராமல்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

களைப்பு முதலில் தெரிவது மூச்சில் அல்ல, முழங்கையில். எறியும்போது அது தோளுக்குக் கீழே இறங்கும். மூன்றடி வைத்துத் தாவுகிறவள் நின்றபடியே எறிவாள். தாவினாலும் ஒற்றைக் காலில், முட்டி மடங்காமல் உள்நோக்கிச் சாய்ந்து இறங்குவாள். ஏசிஎல் (முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நார்) கிழிவது பெரும்பாலும் இப்படித்தான். அதைப் பார்த்த நொடியே வெளியே அழைக்க வேண்டும்.

சேலத்து வெயிலில் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 55 கிலோ உடம்பில் 1.1 கிலோவுக்கு மேல் குறைந்தால் தண்ணீர் போதவில்லை. இடைவேளையில் ஒரு வாழைப்பழம், 250 மில்லி ஓ.ஆர்.எஸ். கரைசல் (ஒரு பாக்கெட்டுக்கு 1 லிட்டர் தண்ணீர்). இட்லியை மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தும் மாற்றம் இல்லையா? ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் எந்தப் பயிற்சியும் ஒட்டாது. டாக்டரைப் பார்த்து இரும்புச்சத்தைச் சரிசெய்யுங்கள். சாப்பிட்ட உடனே டீ குடிக்கும் வழக்கம் இருந்தால், அதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.