அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டால் மெடிக்கலில் ஏன் 'இல்லை' என்கிறார்கள்? பதினெட்டு ஆகாதவர்கள் வாங்கலாமா?

ஓசூரில் ஒரு மெடிக்கலில் நான்கு வருடம் கவுண்டரில் நின்றவள் நான். "ஸ்டாக் இல்லை" என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் நாங்கள் வாங்கி வைத்ததே இல்லை. ஏன் என்று ஓனரிடம் கேட்டால், "தடை இருக்கும்மா, இன்ஸ்பெக்டர் வந்தா வம்பு" என்பார். அந்தத் தடை உத்தரவை அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற இந்த அவசரக் கருத்தடை மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்க மத்திய அரசு 2005-லேயே அனுமதித்துவிட்டது. எங்கள் கடையிலிருந்து பஸ் ஏறி கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் இறங்கினால் அதே மாத்திரை ஆணுறைக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். காலேஜ் முதல் வருடம் இருக்கும். கூட்டம் குறையும்வரை இருமல் மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அப்புறம் மெல்ல, "அக்கா, கலைக்கிற மாத்திரை இருக்கா?" என்றாள். விசாரித்தால், விஷயம் நடந்ததே முந்தின நாள் இரவுதான்! அவளுக்கு வேண்டியது கலைக்கிற மாத்திரையே இல்லை. அத்திப்பள்ளிக்குப் போகச் சொன்னேன். போனாளா, தெரியாது.

இந்தக் குழப்பம் அவளுக்கு மட்டுமில்லை, கடைக்காரர்கள் பலருக்கும் உண்டு. அவசரக் கருத்தடை மாத்திரை கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கரு தங்கிவிட்டால் அதை ஒன்றும் செய்யாது. கலைப்பதற்கான மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் வேறு மருந்துகள். டாக்டர் இல்லாமல் அவற்றைத் தொடவே கூடாது.

அவசரக் கருத்தடைக்கு 1.5 மி.கி. மாத்திரை ஒன்று, உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள். முதல் நாளே போட்டால் பலன் அதிகம், தள்ளத் தள்ளக் குறையும். கடை கடையாக 'இல்லை' கேட்டு அலைவதில் போவது அந்த நேரம்தான். போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று போட வேண்டும். மாதவிடாய் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் பரிசோதித்துவிடுங்கள். ஐந்து நாளுக்குள் என்றால் டாக்டரிடம் போய், கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம், மாத்திரையைவிட நம்பகமானது. ஆனால் "கல்யாணம் ஆச்சா?" என்ற கேள்வியைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும்.

சரி, வயது. இந்த மாத்திரைக்கு வயது வரம்பு இல்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிக்கல் மருந்தில் இல்லை, சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில். பதினெட்டுக்குக் கீழே என்றால் சம்மதம் இருந்தாலும் குற்றம், தெரிந்த டாக்டர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். அந்தப் பயத்திலேயே பிள்ளைகள் டாக்டரிடம் போவதில்லை. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரை, அவளும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் போலீசிடம் சொல்ல வேண்டியதில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது பலருக்குத் தெரியாது. யாராவது வற்புறுத்தி நடந்திருந்தால் தயங்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.

என் அக்கா மகளுக்குப் பதினாறு வயது. போன வருடம் இதையெல்லாம் அவளிடம் உட்கார்ந்து சொன்னேன். அக்கா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.