தலை ஆடினாலும் எழுத்து ஆடுவதில்லை, ஏன்?

கேள்வி: என் மகள் நரம்பியலில் முனைவர் பட்டம் பெற்று, கண்ணையும் தலையையும் மூளை எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்று ஆராய ‘போஸ்ட்டாக்’ ஆக அமெரிக்கா செல்கிறாள். பட்டம் வாங்கிய பிறகும் என்ன படிப்பு, கண்ணை அசைப்பதில் ஆராய என்ன இருக்கிறது என்று உறவினர்கள் கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது?
– ஒரு தந்தை, திருச்சி

பதில்: அது படிப்பு அன்று; மூத்த விஞ்ஞானி ஒருவரின் ஆய்வகத்தில் ஊதியம் பெற்றுச் சில ஆண்டுகள் செய்யும் ஆராய்ச்சிப் பணி.

அடுத்த கேள்விக்குக் கையிலுள்ள இந்த இதழே போதும். தலையை அசைக்காமல் இதழை இடமும் வலமுமாக வேகமாக ஆட்டிப் பாருங்கள், எழுத்துகள் கலங்கிப்போகும். இனி இதழை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில் தலையை ஆட்டுங்கள் (கழுத்து வலி உள்ளவர்களுக்கு இது வேண்டாம்). எழுத்துகள் தெளிவாகவே தெரியும். முன்னதில், நகரும் எழுத்தைக் கண்டு, அதைத் தொடரும்படி கண்ணுக்கு மூளை ஆணையிட ஏறத்தாழ 100 மில்லிநொடி பிடிக்கிறது. பின்னதிலோ, உட்காதின் அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதை உணர்ந்து மூளைத்தண்டுக்கு அறிவிக்க, அது கண்ணை எதிர்த்திசையில் திருப்புகிறது. மூன்றே நரம்பணுக்கள் கைமாற்றும் செய்தி என்பதால், ஏறத்தாழ 10 மில்லிநொடியிலேயே கண் நகரத் தொடங்கிவிடுகிறது.

இதன் அருமை இழந்தவருக்கே தெரியும். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தால் இந்த உட்காதுப் புலனை இழந்த மருத்துவர் ஒருவர், நாடித் துடிப்பின் சிறு அதிர்வுக்கே எழுத்துகள் குதித்ததால், கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகளுக்கு நடுவே தலையை இறுக்கி வைத்துக்கொண்டு படித்ததாக 1952-இல் எழுதியிருக்கிறார்.

ஆராய்ச்சியாளர்களை ஈர்ப்பது இதற்கு அடுத்த சிக்கல்தான். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டால், பெரும்பாலும் கண் முதலில் பாய்கிறது. கனமான தலை சற்றுப் பிந்தி வருகிறது. அப்போதும், கண்ணை எதிர்த்திசையில் திருப்பும் அந்த அனிச்சைச் செயல் முழு வலுவோடு இயங்கினால், தலை திரும்பும் அளவுக்குக் கண்ணைப் பின்னுக்கு இழுத்து, பார்வையை இலக்கில் சேரவிடாது. எனவே மூளை பாய்ச்சலின்போது அதை அடக்கி வைத்து, பார்வை இலக்கில் பதிந்ததும் மீண்டும் இயங்கவிடுகிறது. கேத்லீன் கல்லென் என்ற விஞ்ஞானியின் குழு, குரங்குகளின் மூளைத்தண்டில் உள்ள சில நரம்பணுக்கள், தலையைப் பிறர் திருப்பினால் பலமாகவும், குரங்கு தானே திருப்பினால் மிகக் குறைவாகவும் துடிப்பதைக் கண்டது. ஓர் அசைவு தன்னுடையதா, பிறர் தந்ததா என்ற இந்தக் கணக்கில் சிறுமூளைக்குப் பங்குண்டு என்று தெரிந்தாலும், அதன் சூட்சுமம் இன்னும் முழுமையாகப் பிடிபடவில்லை. இதற்கு ஓர் ஆயுட்காலத்தைக் கொடுத்தாலும் தகும் என்பது என் எண்ணம்.

பயன் என்ன என்றும் உறவினர்கள் கேட்கக்கூடும். சிட்னியில் பணியாற்றிய ஹால்மாகியும் கர்த்தாய்ஸும் 1988-இல் வெளியிட்ட சோதனையைச் சொல்லுங்கள். மருத்துவர், தம் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்கும்படி நோயாளியிடம் சொல்லி, அவருடைய தலையைச் சட்டென்று சிறிதளவு திருப்புவார். உட்காது பழுதாகியிருந்தால், கண் தலையோடு போய்விட்டு, பிறகு ஒரு குதி குதித்து மருத்துவரின் மூக்குக்குத் திரும்பும். ஓயாத தலைச்சுற்றலோடு வந்தவரிடம் அந்தக் குதிப்பு காணப்படாவிட்டால்தான் மருத்துவருக்குக் கவலை அதிகம், ஏனென்றால் கோளாறு காதில் இல்லாமல், மூளையில் ஏற்பட்ட பக்கவாதமாக இருக்கலாம்.