பீரோவுக்குள் பூட்டிய போன்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஆண்டுவிழாவில் எடுத்த அவள் போட்டோவுக்கு மீசை வரைந்து, அவள் பெயரிலேயே இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு தொடங்கி, நிறத்தைக் கேலி செய்கிறார்கள். ‘அடுத்தது டிரெஸ் இல்லாத படம்’ என்று மிரட்டலும் வந்திருக்கிறது. வகுப்புப் பிள்ளைகள்தான் என்கிறாள். ‘போனில் நடப்பதற்குப் பள்ளி பொறுப்பல்ல’ என்கிறார் தலைமையாசிரியை. தெரிந்த அன்றே போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டேன். மூன்று வாரமாகிறது, அவளும் கேட்கவில்லை. வேறு பள்ளியில் சேர்க்கலாமா?
– ஒரு தாய், கரூர்

பதில்: ‘அவளும் கேட்கவில்லை.’ எவ்வளவு நிம்மதியாக எழுதிவிட்டீர்கள்! எனக்கு அந்த வரிதான் வயிற்றைக் கலக்குகிறது. ஒன்பதாம் வகுப்புப் பெண் மூன்று வாரமாகப் போனைக் கேட்கவில்லை என்றால் அடங்கிவிட்டாள் என்று அர்த்தமில்லை, அம்மா. உங்களிடம் கேட்டுப் பயனில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

மீசை வரைந்தவன் கையில் போன் இருக்கிறது. வரையப்பட்டவள் கையில் இல்லை. இது என்ன நியாயம்? இப்படி வரும் கடிதங்களில் பாதியில், பிள்ளை மாதக்கணக்கில் மறைத்திருக்கும். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: ‘சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள்.’ அவள் பயந்ததையே நீங்கள் செய்திருக்கிறீர்கள். நாளைக்கு இதைவிடப் பெரிதாக ஏதாவது நடந்தால் உங்களிடம் வருவாளா?

போதாக்குறைக்கு, சாட்சியையும் சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். அந்தக் கணக்கின் பெயர், லிங்க், மிரட்டல் வந்த தேதி, நேரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எதையும் அழிக்காதீர்கள். அப்புறம் இன்ஸ்டாகிராமில், தன் பெயரில் யாரோ போலிக் கணக்கு நடத்துவதாக அவளையே புகார் செய்யச் சொல்லுங்கள். நியாயம் கேட்கிறேன் என்று அந்தப் படத்தை உறவினர் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

தலைமையாசிரியைக்கு வருகிறேன். போட்டோ பள்ளி மேடையில் எடுத்தது, செய்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள், பொறுப்பு மட்டும் போனுக்கா? சிறுமியை அப்படி ஒரு படத்தைச் சொல்லி மிரட்டுவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி குற்றம். தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதும் குற்றம். அது அவருக்கும் பொருந்தும், உங்களுக்கும் பொருந்தும். புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். மகளிர் காவல் நிலையத்துக்கும் போங்கள். மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பகுதியே உண்டு. எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

வேறு பள்ளியா? இன்ஸ்டாகிராமுக்கு டி.சி. தேவையில்லை. புதுப் பள்ளிப் பிள்ளைகளும் அதே பக்கத்தைத்தான் திறந்து பார்ப்பார்கள். தப்பு செய்யாதவள் ஏன் பெஞ்சைக் காலி செய்ய வேண்டும்?

இவ்வளவு எழுதிய நீங்கள் அவள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. தெரிந்தால் கத்துவார் என்று மறைத்திருந்தால், கத்தட்டும். கத்தி முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு உங்களோடு பள்ளிக்கு வரட்டும். பெண்ணைப் பெற்றவர் இருவர்.

இன்று ராத்திரியே பீரோவைத் திறங்கள். போனில் சார்ஜ் சுத்தமாக இறங்கியிருக்கும். நீங்களே சார்ஜரில் போட்டு, அவள் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். உடனே திறந்து காட்ட மாட்டாள். பரவாயில்லை, எழுந்து போகாதீர்கள்.