முதலில் ஸ்கான், பிறகு காப்புறுதி

கேள்வி: எனக்கு 49 வயது, புதுக்குடியிருப்பில் இருக்கிறேன். மூன்று மாதமாக வயிறு ஊதிக்கொண்டே வருகிறது. இரண்டு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது. காஸ்ரிக் குளிசை போட்டும் குறையவில்லை. அம்மாவின் தங்கை சூலகப் புற்றுநோயால் இறந்தவர். காப்புறுதி முகவர் ஒருவர், மாதம் கொஞ்சக் காசு கட்டினால் கான்சருக்கும் பணம் வரும் என்கிறார். ஸ்கானில் ஏதாவது தெரிந்துவிட்டால் காப்புறுதி தரமாட்டார்களாம். முதலில் அதைப் போட்டுவிட்டு, சில மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா? கணவர் இல்லை. மகள் கார்மென்ற்ஸில் வேலை செய்கிறாள்.

பதில்: வேண்டாம், தங்கச்சி. ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் சொல்வது வெறும் வாய்வாகவும் இருக்கலாம், பயந்துவிடாதீர்கள். ஆனால் வயிறு ஊதுவது, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சலம் போவது, இவை மாதத்தில் 12 நாளுக்கு மேல் வந்தால் சூலகத்தைப் பார்த்தே ஆகவேண்டும். உங்கள் வயதில், சித்திக்கும் இருந்த நிலையில், இன்னும் கட்டாயம். இந்த நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க எல்லோருக்கும் செய்கிற பரிசோதனை எதுவும் கிடையாது. சுகவனிதையர் கிளினிக்கில் எடுக்கும் பாப் பரிசோதனை கருப்பைக் கழுத்துக்கானது, சூலகத்தை அது காட்டாது. அங்கே எல்லாம் சரி என்று சொன்னார்கள் என்பதால் இருந்துவிடாதீர்கள்.

சூலகத்துக்குள் இருக்கும்போதே பிடிபட்டால் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் 5 வருடம் தாண்டியும் இருக்கிறார்கள். வயிற்றுக்குள் பரவிய பிறகு அந்தக் கணக்கு மிகவும் இறங்கிவிடும். நீங்கள் காத்திருக்க நினைக்கும் அந்தச் சில மாதம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

இனிக் காப்புறுதி. பொதுவாகப் புற்றுநோய்க்குப் பணம் தரும் காப்புறுதிகளில் காத்திருப்புக் காலம் உண்டு. அதற்குள் நோய் தெரியவந்தால் பணம் இல்லை. படிவத்தில் இப்போதுள்ள வருத்தங்களைக் கேட்பார்கள். வயிறு ஊதுவதை மறைத்துக் கையெழுத்துப் போட்டால், பிறகு ஆஸ்பத்திரிக் கொப்பியில் 'மூன்று மாதமாக' என்று டொக்டர் எழுதுகிற அந்த ஒரு வரியே போதும், பணம் தர மறுத்துவிடுவார்கள். மாதா மாதம் கட்டியதும் போய், நோயும் முற்றியிருக்கும்.

அரச ஊழியர்களுக்கு அக்ரஹார என்ற மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. தோட்டமும் கூலிவேலையும் செய்கிறவர்களுக்கு அப்படி ஒன்று இல்லாதது எனக்கு எப்போதும் மனவருத்தம். குறைந்த காசில் நல்ல காப்புறுதி நம் பெண்களுக்கு வேண்டும்தான். ஆனால் அது சுகமாக இருக்கும்போது போடுவது. உங்கள் மகள் போடலாம். காத்திருப்புக் காலம் எத்தனை நாள், தொடக்கநிலைப் புற்றுநோய்க்கும் பணம் உண்டா, ஒரு மாதம் கட்டத் தவறினால் என்ன ஆகும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு இப்போது கைகொடுப்பது அரச ஆஸ்பத்திரிதான். சத்திரசிகிச்சைக்கும் கீமோவுக்கும் அங்கே கட்டணம் இல்லை. புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், தேவையென்றால் முல்லைத்தீவு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். முதலில் வயிற்று ஸ்கானும் சிஏ 125 என்ற இரத்தப் பரிசோதனையும். அந்த இரத்த அளவு வேறு காரணங்களாலும் கூடும், அதை மட்டும் பார்த்து அழாதீர்கள். புற்றுநோய் என்றே வந்தாலும் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது, கொழும்புப் பக்கம் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிவரை ஓடத் தேவையில்லாமல் போகலாம்.

இலவசம் என்றாலும் செலவே இல்லை என்று சொல்லமாட்டேன். பஸ் காசு, மகளின் ஒருநாள் சம்பளம், சிலவேளை வெளியில் எடுக்கச் சொல்லும் மருந்து, பரிசோதனை எல்லாம் சேரும். முகவருக்குக் கட்ட நினைத்த காசை அதற்கென ஒதுக்கி வையுங்கள். பெரிய செலவு வந்தால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

திங்கட்கிழமை காலையே மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த நாளில் இருந்து ஊதுகிறது, மாதவிடாய் எப்படி இருக்கிறது, சித்திக்கு எத்தனை வயதில் வந்தது என்று ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோங்கள். அம்மா வழியில், அப்பா வழியில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள், இரண்டும் ஒரே பரம்பரைக் குறையால் வரலாம். காஸ்ரிக் என்று குளிசையோடு திருப்பி அனுப்பினால், சித்தியின் கதையைச் சொல்லி ஸ்கான் கேளுங்கள்.