கரண்ட் அக்கவுன்ட்டில் சும்மா கிடக்கும் பணம்: ஆட்டோ ஸ்வீப் போடலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். என் ஒருவன் பேரில் நடக்கும் தொழில், கூட்டாளி யாரும் இல்லை. சீசன் முடிந்து மாங்கூழ் பேக்டரி பாக்கியெல்லாம் வந்து சேர்ந்த பிறகு, கரண்ட் அக்கவுன்ட்டில் நான்கு லட்சம் வரை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. பேங்க்கில் ஆட்டோ ஸ்வீப் (ஒரு வரம்புக்கு மேல் உள்ள பணம் தானாக டெபாசிட்டாக மாறும் வசதி) போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். மகன், மாதாமாதம் ஒரு தொகை தானாக என் சேமிப்புக் கணக்குக்குப் போகிற மாதிரி எழுதிக் கொடுத்துவிடலாம் என்கிறான். எது நல்லது? கொடுத்த செக் திரும்பி வந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்: ஆட்டோ ஸ்வீப் போடலாம். ஆனால் நான்கு லட்சத்தையும் அதன் கையில் விட வேண்டாம். எவ்வளவை விடுவது என்பதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ஓவர் டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துக்கொள்ளும் கடன்), நகைக் கடன், லாரிக் கடன் என்று ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா? 2 லட்சம் நகைக் கடனுக்கு 9 சதவீதம் கட்டிக்கொண்டே, கையில் உள்ள 2 லட்சத்தை 6 சதவீத டெபாசிட்டில் போட்டால் வருஷத்துக்கு 6,000 ரூபாய் நஷ்டம். முதலில் நகையை மீட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். சீசனில் பணம் தேவைப்பட்டால் மறுபடி வைத்துக்கொள்ளலாம். ஓவர் டிராஃப்ட் இருந்தால் இன்னும் சுலபம்: மிச்சப் பணத்தை அதிலேயே போட்டு வையுங்கள், வட்டி அன்றாடம் குறையும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஸ்வீப்புக்கு வேலையே இல்லை.

கடன் எதுவும் இல்லை என்றால் மேலே படியுங்கள்.

கரண்ட் அக்கவுன்ட்டுக்கு வட்டி கிடையாது. அது ரிசர்வ் வங்கி விதி. ஆட்டோ ஸ்வீப் என்பது இதற்கு ஒரு சுற்றுவழி. நீங்கள் ஒரு வரம்பு வைக்கிறீர்கள், 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் சேரும் பணம் தானாகவே டெபாசிட்டாக மாறிவிடும். கணக்கில் இருப்பதைவிடப் பெரிய செக் வந்தால், அந்த டெபாசிட்டை உடைத்துப் பணம் திரும்பக் கணக்குக்கு வரும். செக் திரும்பாது. உங்கள் பயத்துக்கு மருந்து இந்தத் திரும்பி வருகிற ஏற்பாடுதான். சில பேங்க்கில் போவது மட்டும் தானாக நடக்கும், வருவதற்கு நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் 'இரண்டு பக்கமும் தானாக நடக்குமா?' என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மகன் சொல்லும் வழியில் இந்தப் பாதுகாப்பு இல்லை. மாதம் 5ஆம் தேதி 40,000 ரூபாய் சேமிப்புக் கணக்குக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், 6ஆம் தேதி யாருக்கு என்ன செக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அந்த உத்தரவுக்குத் தெரியாது. போன பணம் தானாகத் திரும்பியும் வராது. 2025 அக்டோபர் 4 முதல் செக் கிளியரிங் நாள் முழுக்கத் தொடர்ந்து நடக்கிறது. காலையில் போட்ட செக் அன்றைக்கே கழிந்துவிடும். முன்பு மாதிரி 'நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்' என்கிற இடைவெளி இப்போது கிடையாது. பணமில்லாமல் திரும்பும் செக்குக்கு நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டத்தின் 138ஆவது பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்தே விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

மகனின் யோசனையையும் தள்ளிவிட வேண்டியதில்லை. வீட்டுச் செலவுக்கு என்று ஒரு தொகை மாதாமாதம் போகட்டும். தொழில் காசும் வீட்டுக் காசும் கலக்காமல் இருக்க அது நல்ல வழி. ஒருவர் பேரில் நடக்கும் தொழில் என்பதால் அது உங்கள் பணம்தான், கணக்கு நோட்டில் சொந்தச் செலவு என்று எழுதினால் போதும். மண்டி வியாபாரத்தையே சேமிப்புக் கணக்கில் நடத்த மட்டும் ஆரம்பிக்காதீர்கள். வியாபார நிறுவனத்தின் பேரில் சேமிப்புக் கணக்கு வைக்க அனுமதி இல்லை.

இப்போது வட்டி. பேங்க்கில் சொல்லும் சதவீதம் உங்கள் கைக்கு வரும் சதவீதம் அல்ல. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். ஸ்வீப் டெபாசிட் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு என்று போடப்படும். பலகையில் இருக்கும் 6 சதவீதம் அந்த ஒரு வருஷத்துக்கானது. 40 நாளில் உடைந்தால் 40 நாளுக்கு என்ன வட்டியோ அதுதான் கிடைக்கும், அதிலும் அபராதமாக அரை சதவீதமோ ஒரு சதவீதமோ பிடிப்பது வழக்கம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 லட்சம், 40 நாள், 6 சதவீதம் என்றால் 1,970 ரூபாய் வரும் என்று நினைத்திருப்பீர்கள். 40 நாளுக்கான வட்டி 4 சதவீதமாக இருந்து, அபராதம் அரை சதவீதம் போனால், வருவது 1,150 ரூபாய். 7 நாளுக்குள் உடைந்தால் ஒன்றுமே இல்லை.

அதனால்தான் நான்கு லட்சத்தையும் ஸ்வீப்பில் விட வேண்டாம் என்றேன். உங்கள் தொழிலுக்கு ஒரு காலண்டர் இருக்கிறது. தை, மாசியில் பூ பார்த்துத் தோப்புக் குத்தகைக்கு முன்பணம் கொடுப்பீர்கள். சித்திரை தொடங்கி ஆடி வரை பணம் ஒரு நாள் நிற்காது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து டிசம்பர் வரைதான் அது சும்மா கிடக்கிறது. அந்த நான்கு மாதமும் தொடவே மாட்டேன் என்று தெரிந்த தொகை எவ்வளவு? 2 லட்சம் என்றால், அதைச் செப்டம்பர் தொடக்கத்தில் 120 நாள் டெபாசிட்டாக நீங்களே போட்டுவிடுங்கள். அபராதம் இல்லாமல், அந்தக் காலத்துக்கு உரிய முழு வட்டியோடு, தோப்புக்காரர் வந்து நிற்பதற்குள் பணம் கணக்கில் இருக்கும். மீதி 2 லட்சத்துக்குத்தான் ஸ்வீப்.

வரம்பு எவ்வளவு? பேங்க் தருகிற குறைந்தபட்ச வரம்பை அப்படியே ஒப்புக்கொண்டால், பணம் போவதும் வருவதுமாக இருக்கும், வட்டி மட்டும் வராது. போன வருஷம் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஸ்டேட்மென்ட் வாங்கி, பணம் வெளியே போன பக்கத்தை மட்டும் பாருங்கள். லாரி வாடகை, குடோன் வாடகை, தீபாவளிக்கு லோடுமேன்களுக்குக் கொடுத்தது என்று எந்த வாரத்தில் அதிகம் போயிருக்கிறதோ, அந்த ஒரு வாரத் தொகைதான் உங்கள் வரம்பு. 70,000 என்றால் 75,000 வைத்துவிடுங்கள். சராசரியெல்லாம் பார்க்க வேண்டாம். சராசரி வாரத்தில் செக் திரும்பாது, தீபாவளி வாரத்தில்தான் திரும்பும்.

அப்புறம், உடைக்கும்போது எந்த டெபாசிட் முதலில் உடையும் என்று கேளுங்கள். ஆகஸ்ட் 10இல் ஒரு லட்சம், அக்டோபர் 15இல் 60,000 என்று இரண்டு டெபாசிட் இருக்கின்றன. நவம்பர் 3ஆம் தேதி 50,000 குறைகிறது. கடைசியில் போட்டது முதலில் உடைந்தால் போவது 19 நாள் வட்டி. முதலில் போட்டது உடைந்தால், 85 நாள் காத்திருந்த பணத்தைக் கலைக்கிறீர்கள். கடைசியில் போட்டதே முதலில் உடையட்டும். அதோடு, முழு டெபாசிட்டும் உடையுமா, ஆயிரம் ஆயிரமாகத் தேவையான அளவு மட்டும் உடையுமா என்பதையும் கேளுங்கள். முழுதாகத்தான் உடையும் என்றால் அந்த பேங்க்கின் ஸ்வீப் உங்களுக்கு லாயக்கில்லை.

மினிமம் பேலன்ஸ் விஷயமும் ஒன்று உண்டு. ஸ்வீப் வசதியுள்ள கரண்ட் அக்கவுன்ட்டுக்குச் சில பேங்க்கில் கூடுதல் மினிமம் பேலன்ஸ் கேட்பார்கள், டெபாசிட்டாக மாறிய பணத்தை அதில் சேர்க்கவும் மாட்டார்கள். மினிமம் பேலன்ஸ் குறைந்ததற்குப் பிடிக்கும் கட்டணமே வருகிற வட்டியைத் தின்றுவிடும்.

வரி பற்றிச் சுருக்கமாக. ஸ்வீப் வட்டி டெபாசிட் வட்டிதான்; சேமிப்புக் கணக்கு வட்டிக்குப் பழைய வரி முறையில் கிடைக்கும் 10,000 ரூபாய் கழிவு இதற்குக் கிடையாது. ஒரே பேங்க்கில் வருஷ வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் டிடிஎஸ், அதாவது வட்டியிலிருந்து முன்கூட்டியே கழிக்கும் வரி, பிடிப்பார்கள் (மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம்). பிடிக்காவிட்டாலும் வட்டியை வருமானத்தில் காட்ட வேண்டும். டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு ஒரு பேங்க்கில் 5 லட்சம் வரைதான். மண்டிக் கணக்கும் உங்கள் சொந்தக் கணக்கும் அதில் ஒன்றாகவே சேரும். வீட்டு டெபாசிட்டும் அதே பேங்க்கில் இருந்தால் கூட்டிப் பாருங்கள்.

பேங்க்குக்குப் போகும்போது வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல் கடிதமாகக் கொடுங்கள்: வரம்பு 75,000, கால அளவு எவ்வளவு, கடைசியில் போட்டது முதலில் உடைய வேண்டும், முதிர்ந்ததும் புதுப்பிக்காமல் கணக்கில் சேர்க்க வேண்டும். நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். ஜனவரி பிறந்ததும் ஸ்வீப்பை நிறுத்திவைக்கச் சொல்லி இன்னொரு கடிதம் கொடுத்துவிடுங்கள். ஆகஸ்டில் மறுபடி தொடங்கிக்கொள்ளலாம்.