சென்னைக் கான்வென்ட்டும் சான் ஹோசேப் பள்ளியும்

கேள்வி: கலிபோர்னியா மாநிலம் சான் ஹோசேயில் வசிக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு. அருகில் கத்தோலிக்க அருட்சகோதரிகள் தொடங்கிய பெண்கள் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. ‘கல்லூரிக்குத் தயார் செய்யும் பள்ளி’ என்பது அவர்களின் விளம்பரம். கட்டணம் ஆண்டுக்கு 26,000 டாலர். நான் சென்னையில் கான்வென்ட்டில் படித்தவள். அந்தக் கட்டுப்பாடு மகளுக்கும் கிடைக்கட்டும் என்று நினைக்கிறேன். “நல்ல அரசுப் பள்ளி இருக்கிறது என்றுதானே இங்கே வீடு வாங்கினோம்” என்கிறார் கணவர். “பிள்ளையை மதம் மாற்றிவிடுவார்கள்” என்று மதுரையிலிருந்து மாமியார் தினமும் போனில் சொல்கிறார். வயலின் வாசிக்கும் மகள், அங்கே இசைக்குழு உண்டா என்று மட்டும் கேட்டாள். என்ன செய்வது?
— பெயர் வேண்டாம்

பதில்: சகோதரி, உங்கள் வீட்டில் நான்கு பேர் பேசுகிறீர்கள். நீங்கள் பேசுவது உங்கள் பழைய பள்ளியைப் பற்றி. கணவர் வீட்டுக் கடனைப் பற்றி, மாமியார் தன் பயத்தைப் பற்றி. சேரப்போகும் பள்ளியைப் பற்றிக் கேட்டவள் மகள் ஒருத்திதான். அவள் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கான்வென்ட். அயர்லாந்தின் கார்க் நகரில் நானோ நேகிள் 1775-இல் தொடங்கிய பிரசன்டேஷன் சபையின் சகோதரிகள் 1842-இல் சென்னைக்கு வந்தார்கள். அதே சபையினர் 1854-இல் சான் பிரான்சிஸ்கோவில் போய் இறங்கினார்கள். உங்கள் சான் ஹோசேயிலேயே நோட்ரடாம் என்ற இன்னொரு சபையின் சகோதரிகள் 1851-இல் பெண்களுக்குப் பள்ளி திறந்துவிட்டார்கள். ஆக, இங்குள்ள கான்வென்ட்டும் அங்குள்ள பள்ளியும் ஒரே பாட்டியின் பேத்திகள். ஆனால் வளர்ந்த ஊர் வேறு, வளர்ப்பு வேறு. வராந்தாவில் நிழல் தெரிந்தாலே வகுப்பு அடங்கிப்போகும் மதர் சுப்பீரியரைத் தேடிக்கொண்டு அங்கே போகாதீர்கள். சீருடை உண்டு. அருட்சகோதரிகளைத்தான் காண்பது அரிது. பாடம் நடத்துபவர்கள் பெரும்பாலும் துறவறம் பூணாத ஆசிரியர்கள்.

இன்னொரு பெரிய வித்தியாசம். திருச்சியில் நான் படித்த கான்வென்ட்டில், மறைக்கல்வி மணி அடித்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஓர் அறைக்குப் போவார்கள். மற்ற நாங்கள் நீதிபோதனை என்ற பெயரில் இன்னோர் அறையில் தூங்கி வழிவோம். அமெரிக்கப் பள்ளிகளில் பொதுவாக இந்தப் பிரிவினை கிடையாது. எந்த மதத்துப் பிள்ளையானாலும் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை சமயப்பாடம் கட்டாயம். மதிப்பெண்ணும் உண்டு. விவிலியம், அறநெறி, சமூக நீதி என்று போகும் அந்தப் பாடத்தில் பல பள்ளிகள் உலக மதங்களையும் சேர்த்திருக்கின்றன. அதைத் தவிர சமூகத் தொண்டுக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கும் இருக்கும்.

மதமாற்றம் போகிற போக்கில் நடந்துவிடுகிற காரியமில்லை. திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம் பெறுவதற்கு முன் நீண்ட தயாரிப்பு உண்டு. என் தங்கை மகள் இப்படியொரு பள்ளியில்தான் படித்தாள். முதல் திருப்பலி வழிபாட்டில் நற்கருணை அப்பம் வாங்க வரிசை நகர்ந்தபோது என்ன செய்வதென்று தெரியாமல் விழித்திருக்கிறாள். இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு போனால் பாதிரியார் ஆசி மட்டும் தருவார், விருப்பமில்லையென்றால் உட்கார்ந்தே இருக்கலாம் என்று பக்கத்துப் பெண் காதில் சொன்னாளாம். நான்கு ஆண்டும் உட்கார்ந்தே இருந்தாள். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். ஆனாலும் சமயப்பாடம் உங்கள் வீட்டுக்கு ஒத்து வராது என்றால் இப்போதே விலகிவிடுங்கள். சேர்த்த பிறகு முகம் சுளிப்பது பிள்ளைக்குத்தான் சங்கடம்.

இனி, ‘கல்லூரிக்குத் தயார் செய்யும்’ என்ற அடைமொழி. கலிபோர்னியா பல்கலைக்கழகம் உயர்நிலைப் பள்ளியில் ஓராண்டு நீளும் பாடங்கள் 15 கேட்கிறது. ஆங்கிலம் நான்கு ஆண்டு, கணிதம் மூன்று, வரலாறு, அறிவியல், வேற்றுமொழி தலா இரண்டு, கலை ஒன்று, விருப்பப்பாடம் ஒன்று. உங்கள் கணவர் வீடு வாங்கிய வட்டாரத்து அரசுப் பள்ளியும் இவற்றைக் கற்பிக்கும். எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை அந்தப் பல்கலைக்கழகம் இப்போது பார்ப்பதே இல்லை. எடுத்த பாடமும் அதில் வாங்கிய மதிப்பெண்ணும்தான் பேசும். எனவே விளம்பர ஏட்டை மூடி வைத்துவிட்டு, சென்ற ஆண்டு உண்மையில் நடந்த ஏ.பி. பாடங்களின், அதாவது கல்லூரித் தரத்துப் பாடங்களின் பட்டியலைக் கேளுங்கள். சிறிய பள்ளிகளில் ஏ.பி. இயற்பியல் ஏட்டில் இருக்கும், போதிய மாணவிகள் சேரவில்லையென்றால் அந்த ஆண்டு வகுப்பில் இருக்காது.

இப்போது மகளின் கேள்வி எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்று பாருங்கள். அந்த 15-இல் கலைப்பாடம் ஒன்று இருக்கிறதல்லவா? இசைக்குழு, பல்கலைக்கழகம் ஏற்ற வகுப்பாகப் பகலில் நடந்தால் அந்த இடத்தை அதுவே நிரப்பிவிடும். பள்ளி விட்ட பிறகு கூடிக் கலையும் குழு என்றால் கணக்கில் வராது. அவள் வேறொரு கலைப்பாடம் எடுக்க வேண்டும், வயலின் மாலைப் பொழுதோடு நின்றுவிடும். பக்கத்து ஆண்கள் பள்ளியோடு சேர்ந்து இசைக்குழு நடத்தும் பெண்கள் பள்ளிகளும் உண்டு. கேட்டுப் பாருங்கள்.

பெண்கள் மட்டும் படித்தால் நன்றாகப் படிப்பார்களா? 21 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களைப் பற்றிய 184 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014-இல் வெளியான அலசலில், முறையாக ஒப்பிட்டபோது சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ரோபோ குழுவின் தலைமையிலிருந்து மேடை விளக்கு வரை எல்லாம் பெண்கள் கையில் இருப்பது அழகுதான். அதற்காக மதிப்பெண் கூடும் என்று எண்ணிப் பணம் கட்டாதீர்கள்.

பணம், நான்கு ஆண்டுக்கு 1,04,000 டாலர். கல்லூரிக்கென்று வைத்திருப்பதிலிருந்து எடுப்பதானால் வேண்டவே வேண்டாம். கட்டண உதவிக்கு விண்ணப்பிக்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

நீங்கள் எழுதிய காரணத்துக்காக மட்டும் என்றால் அனுப்பாதீர்கள் என்பேன். மகளுக்குப் பிடித்துப்போனால் அது வேறு விஷயம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மாணவியோடு ஒருநாள் முழுக்க வகுப்புகளில் உட்கார்ந்து பார்க்க அநேகப் பள்ளிகள் இடம் தருகின்றன. குளிர்காலத்தில் வரும் சேர்க்கைத் தேர்வுக்கு முன்பே அதற்கு எழுதிப் போடுங்கள். அந்தத் தேர்வு சுமார் இரண்டரை மணி நேரம்தான், தயவுசெய்து அதற்கும் ட்யூஷன் வைத்துவிடாதீர்கள். இசைக்குழு கூடும் நாளாகப் பார்த்து அவளைத் தனியாக அனுப்புங்கள். நீங்கள் காரிலேயே இருங்கள்.